அந்த இடைவெளியையும் சேர்த்து எழுது

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் செட் ஆட்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, உன்னைப் பற்றி வரும்போது மட்டும் "எனக்கென்ன, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதற்குத்தான் முதலில் பதில். மற்ற செய்தியெல்லாம் அப்புறம்.

பழைய மாணவர் மலருக்கான படிவம் எனக்கும் வந்தது. பெயர், படித்த ஆண்டு, இப்போதைய பதவி, நிறுவனம், பெற்ற விருதுகள், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் நீ அப்படியே மூடி வைத்திருப்பாய் என்று தெரியும். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஆய்வக வேலையை விட்டாய், அவர் போன பிறகு மென்பொருள் டெஸ்டிங் பக்கம் போய் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாய், உன்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர்களிடம் கூச்சப்படாமல் கேட்டுக் கேட்டுக் கற்றாய், இன்றைக்கு அந்தக் குழுவையே நடத்துகிறாய். படிவத்தில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அதனால் என்ன, படிவத்தை விட்டுவிட்டு ஒரு பக்கம் தனியாக எழுதி அனுப்புடி.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் என் வகுப்பில் இருக்கும் கடைசி வருடப் பிள்ளைகள். பட்டம் வாங்குவதற்கு முன்பே "எங்க சீனியர்ஸ் எல்லாரும் செட்டில் ஆயிட்டாங்க மேடம்" என்று முகம் வாடி வந்து நிற்கிறார்கள். அவர்கள் பார்ப்பதெல்லாம் லிங்க்ட்இன்னில் வரும் பதவி உயர்வுகளும் பாராட்டுகளும். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. எந்த வருடம் பட்டம் வாங்கினோம் என்பதுகூட நம் கையில் இல்லாத ஒன்று, அதுவே எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது தெரியுமா? கனடாவில் பட்டதாரிகளின் சம்பளத்தை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களுக்குத் தொடக்கத்தில் சம்பளம் ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு, அந்தப் பள்ளம் நிரம்பப் பத்து வருடம் ஆகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அப்புறம் வெங்கி ராமகிருஷ்ணன் கதையைச் சொல்வேன். 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, நமக்கு வேண்டியது உயிரியல்தான் என்று மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-ல் நோபல் வந்தது வேதியியலுக்கு. ஜப்பானின் கோய்ச்சி தனாக்கா முனைவர் பட்டமே வாங்கவில்லை, மின்பொறியியலில் இளநிலைப் பட்டம் மட்டும்தான். கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோதே 2002-ல் அவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானவர் கத்தலின் கரிக்கோ. ஹங்கேரியில் முனைவர் பட்டம் முடித்து, 1985-ல் கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அமெரிக்கா போனார். எம்ஆர்என்ஏ, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு, அதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், 1995-ல் பல்கலைக்கழகத்தில் அவர் பதவியையே கீழே இறக்கிவிட்டார்கள். அந்த வருடம் நம் படிவம் மாதிரி ஒன்று அவர் கைக்குப் போயிருந்தால் "இப்போதைய பதவி" என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பார், யோசித்துப் பார். ஆனால் பின்னாளில் எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடிப்படையான வேலை அவரும் ட்ரூ வைஸ்மனும் அதற்குப் பிறகு சேர்ந்து செய்ததுதான், 2005-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை. 2023-ல் இருவருக்கும் நோபல். எல்லோருக்கும் நோபல் வரும் என்று சொல்ல வரவில்லை, வராவிட்டாலும் அந்த 1995-ல் அவர் செய்துகொண்டிருந்தது நல்ல வேலைதான்.

ஹார்வர்டில் 1938-ல் 268 மாணவர்களை வைத்துத் தொடங்கிய ஆய்வைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ஐம்பது வயதில் உறவுகள் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று அதில் கண்டார்கள். ஆனால் அந்த 268 பேரும் ஆண்கள். கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1958-லும் 1960-லும் படிப்பை முடித்த பெண்களை ரவென்னா ஹெல்சன் என்ற உளவியலாளர் ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்திருக்கிறார். திருமணம், குழந்தைகள், வேலை, வேலையை விட்டது, நடுவயதில் திரும்ப வந்தது எல்லாமே அங்கே ஆராயத் தகுந்த வாழ்க்கைதான். உன் வருடங்களை மட்டும் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

சரி, நம் ஆட்களுக்கு வருகிறேன். முதல் ரேங்க் வாங்கியவள் துறைத் தலைவர் ஆனது ரொம்ப சந்தோஷம், அவள் உழைப்புக்கு அது தாமதம்தான். சொந்தமாகக் கம்பெனி நடத்தி மூடியவனைப் பற்றி எழுதியிருந்தாயே, தன்னிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் வேறு இடம் பிடித்துக் கொடுத்த பிறகுதான் தனக்கு வேலை தேடினான் என்று, அதை இரண்டு முறை படித்தேன். அவனையும் மலருக்கு எழுதச் சொல். அவன் தயங்கினால் நீயே எழுது.

என் பக்கம், இணைப் பேராசிரியர் ஆகியிருக்கிறேன். அதைவிடப் பெரிய சந்தோஷம், என்னிடம் ஆராய்ச்சி செய்யும் முதல் மாணவி போன வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. இரண்டு குழந்தைகளுக்கு நடுவே எழுதி முடித்தாள்.

நீ எழுதியதும் மலருக்கு அனுப்பும் முன் எனக்கு அனுப்பு. அப்பாவோடு இருந்த வருடங்களை ஒற்றை வாக்கியமாகச் சுருக்காதே, மறுபடி வேலை தேடியபோது நேர்முகத் தேர்வில் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் எழுது, என் பிள்ளைகளுக்கு அதுதான் அவசரமாகத் தேவைப்படுகிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி