சக்கரம் இல்லாத விமானம்

அன்புள்ள சேகர்,

உன் மெயிலுக்கு உடனே பதில் போட முடியவில்லை, வீட்டில் பெயின்ட் வேலை, கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பெரியவனுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்துவிட்டது, அம்மா இப்போது கோலூன்றி வாசல் வரை நடக்கிறார். உன் முட்டி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஜெட் என்றாலே எல்லோரும் மெஸ்ஸர்ஷ்மிட் 262 சண்டை விமானத்தைத்தான் சொல்கிறார்கள், குண்டு போடவென்றே ஒரு ஜெட் இருந்ததா என்றாய். இருந்தது. அராடோ 234. நீ ஆயுசு முழுக்க டெஸ்டிங்கில் குப்பை கொட்டியவன், அதனால் அதன் போர்க்கதையை விட அதைச் சோதித்த கதைதான் உனக்குப் பிடிக்கும்.

முதலில் அது உளவுப்படம் எடுக்கத்தான் திட்டமிடப்பட்டது. ஜெட் எஞ்சின் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும், ஜெர்மன் விமான அமைச்சகமோ 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கவேண்டும் என்கிறது. ஒல்லியான உடல் முழுக்க டாங்க்கை அடைத்தார்கள், இறக்கையும் மெல்லியது, அப்புறம் சக்கரத்தை மடித்து வைக்க இடம் எங்கே? சக்கரமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்! மூன்று சக்கர டிராலி மேல் உட்கார்ந்து ஓடிக் கிளம்பவேண்டும், டிராலியைக் கழற்றி விடவேண்டும், திரும்பும்போது வயிற்றுக்கடியில் நீளும் சறுக்குக்கட்டையில் புல்தரையில் தேய்ந்து நிற்கவேண்டும்.

விமானத்தின் உடல் தயாரான பிறகும் யூமோ 004 ஜெட் எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தார்கள். 1943 ஜூலை 30 அன்றுதான் ஜெர்மனியின் ரைன விமானத்தளத்திலிருந்து சோதனை விமானி செல்லெ அதை முதல்முறை பறக்கவிட்டார். விமானம் நன்றாகவே பறந்தது, டிராலிதான் மானத்தை வாங்கியது. சுமார் 60 மீட்டர் உயரத்தில் கழற்றி விட்டால் பாராசூட்டில் மெதுவாக இறங்கும் என்பது கணக்கு. பாராசூட் சரியாக விரியவில்லை, டிராலி நொறுங்கியது. மாற்று டிராலிக்கும் அதே கதி. அதன்பிறகுதான் தரையை விட்டு எழும் கணத்திலேயே கழற்றிவிடும் ஏற்பாட்டுக்கு மாறினார்கள். செல்லெ அக்டோபரில் சோதனைக்காகச் செய்த இரண்டாவது மாதிரி விமானத்தில் பறந்தபோது எஞ்சின் தீப்பிடித்து இறந்தார். அந்தக் கால யூமோ எஞ்சின் 25 மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம்.

ஆனால் எனக்கு நெருடுவது எஞ்சின் அல்ல, அந்தச் சறுக்குக்கட்டை. ஒரே ஒரு மாதிரி விமானம் இறங்கினால் பரவாயில்லை, ஆளைக் கூட்டித் தூக்கிவிடலாம். போர்முனையில் ஒரு படையணியே வரிசையாக வந்து இறங்கினால்? முதலில் இறங்கியது நின்ற இடத்திலேயே கிடக்கும், நகர முடியாது, பின்னால் வருகிறவனுக்கு இடம் இல்லை, மேலே எதிரி விமானம் வந்தால் கேட்கவே வேண்டாம். 1944 ஜூலையில் எரிக் சோமர் என்ற விமானி ஒன்றை பிரான்சில் ரைம்ஸ் நகரை ஒட்டிய தளத்துக்குக் கொண்டுபோனார். விமானம் போய்ச் சேர்ந்துவிட்டது, டிராலி தரைவழியாகப் பின்னால் வந்தது, அது வரும்வரை விமானம் சும்மா கிடந்தது. ஆகஸ்ட் 2 அன்று கிளம்பி நார்மண்டிக் கடற்கரையில் நேச நாடுகள் இறக்கிக் குவித்ததையெல்லாம் ஒரே சுற்றில் படம் பிடித்துத் திரும்பினார், துரத்திப் பிடிக்க எவனாலும் முடியவில்லை. வானத்தில் ராஜா, தரையில் நொண்டி.

தீர்வு இதற்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. உடலைக் கொஞ்சம் அகலமாக்கி சக்கரங்களை உள்ளே மடியும்படி வைத்தார்கள், அதுதான் ‘பி’ வகை, முதல் மாதிரி 1944 மார்ச்சில் பறந்தது. அதற்கு முந்தைய மாதமே நான்கு எஞ்சின் வைத்த மாதிரியும் பறந்துவிட்டது, ஆனால் பெயர் வாங்கித் தந்தது என்னவோ இந்தச் சக்கரம்தான். உள்ளே குண்டு வைக்க இடம் கிடையாது, எல்லாம் வெளியேதான் தொங்கும், அதிகபட்சம் 1,500 கிலோ. ஆள் ஒருவர்தான். குறி பார்க்கவேண்டிய நேரத்தில் விமானி ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, தோள்வாரைத் தளர்த்தி, ஓட்டும் தண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கால்களுக்கு நடுவே இருக்கும் குறிக்கருவி மேல் குனிந்துகொள்வாராம். குமிழைத் திருகினால் விமானமே அதற்கேற்பத் திரும்பும். தனியாளாக இதைச் செய்யச் சொன்னவனை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

200-க்குச் சற்று மேல்தான் செய்தார்கள். 1945 மார்ச்சில் ஜெர்மனியில் அமெரிக்கர்கள் பிடித்துவிட்ட, ரைன் நதி மேல் இருந்த ரெமாகன் பாலத்தை உடைக்க இவற்றை அனுப்பினார்கள், குறி தப்பியது, பாலம் சில நாள் கழித்து அதுவாகவே சரிந்தது. போரின் போக்கில் இதனால் ஒன்றும் மாறவில்லை என்பதுதான் என் எண்ணம், நீ சண்டைக்கு வந்தாலும் சரி.

உன் மகள் வர்ஜீனியாவில்தானே இருக்கிறாள்? அங்கே டல்லஸ் (Dulles) ஏர்போர்ட் பக்கத்தில் ஸ்மித்சோனியனின் விமான அருங்காட்சியகக் கிளை இருக்கிறது, உலகில் மிஞ்சிய ஒரே அராடோ 234 அங்கேதான், ‘பி’ வகை. போகும்போது குனிந்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். முகப்பெல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறது, அந்தச் சக்கரம் எவ்வளவு இடத்தில் மடிகிறது என்றுதான் எனக்குப் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ராஜு