துவாஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு சிங்கப்பூரில் நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, அக்கா, சின்னவன் எல்லோரும் நலமா? கீழத்தெரு அண்ணன் ஊரிலிருந்து திரும்பியபோது கொடுத்தனுப்பிய உங்கள் கடிதமும் பருப்புப்பொடியும் கிடைத்தன. "காது கேட்காதவனுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் போனில் பேசினாலே உங்களிடமும் பேசிய மாதிரி என்று நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். தப்புதான் அப்பா.

ஒரு நல்ல சேதி. என்னை வெல்டிங் பழகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை நாளாக வெல்டர் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு நின்று, பொறி எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெல்டிங் ராடு என் கைக்கு வருகிறது.

முதல் வாரம் முழுக்க, தொட்டதும் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. பயந்து தூக்கினால் நெருப்பு அணைந்துபோனது. ராடு எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் இடைவெளி விடலாம். அது கரையக் கரையக் கையும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். என் கீழ்க்கட்டில் பங்களாதேஷ்காரர் பழைய வெல்டர். "நெருப்பு பார்க்காதே, தண்ணி பாரு" என்றார் தன் தமிழில். உருகி நிற்கும் இரும்பைத்தான் தண்ணி என்கிறார். கறுப்புக் கண்ணாடிக்குள் அது பட்டாணி அளவு மினுங்குகிறது. இரண்டு ஓரத்தையும் அது நனைத்த பிறகுதான் கையை நகர்த்தலாம். அரிவாளுக்கு உருக்கு வைக்கும்போது "சம்மட்டியை ஏன்டா பார்க்கிறாய், நிறத்தைப் பார்" என்று நீங்கள் சத்தம் போடுவீர்களே, அது இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் பிடிக்கும் ராடுக்கு 7018 என்று பேர். ஈரம் ஆகவே ஆகாது. 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காயவைத்து, சூடு ஆறாத பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். ஈர ராடில் வெல்டிங் வைத்தால் மேலே அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிறகு உள்ளே விரிசல் விட்டுவிடும். இங்கே நினைத்தபோதெல்லாம் மழை. நீங்கள் கரி மூட்டையைப் பொத்திப் பொத்தி வைத்த மாதிரி நான் ராடுப் பெட்டியை வைத்திருக்கிறேன்.

தகட்டை நிமிர்த்தி வைத்துக் கீழிருந்து மேலே போகிற 3ஜி பரீட்சையில் தேறிவிட்டேன். வெட்டிய துண்டை யு மாதிரி வளைத்தார்கள். முடி அளவு விரிசல்கூட இல்லை. தலைக்கு மேல் வைக்கிற 4ஜி இந்தத் தடவை கிடைக்கவில்லை, அடுத்த மாதம் மறுபடி எழுதுவேன். ஒருநாள் பக்கத்தில் ஒருவர் வெல்டிங் வைத்த வெளிச்சம் பட்டு, ராத்திரி கண்ணில் மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்தியது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு கேட்டரிங். மதியத்துக்கும் விடியற்காலையிலேயே பொட்டலம் வந்துவிடும், பன்னிரண்டு மணிக்குள் சாம்பார் புளித்துப்போகும். நான் சொன்ன பங்களாதேஷ்காரர் பெயின்ட் டின்னில் மிளகாய்ச் செடி வைத்திருக்கிறார். யாரையும் தொட விடமாட்டார். காலையில் எண்ணிப் பார்த்து எனக்கு மட்டும் இரண்டு பறித்துத் தருவார். அதையும் உங்கள் பருப்புப்பொடியையும் வைத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் கூடுகிற தேக்காவுக்குப் போனால் வீரமாகாளியம்மன் கோயிலில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

போன வாரம் பழகின தகட்டை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர் வாளியில் போட்டேன். "சொய்ங்" என்று ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. நம் பட்டறை வாசனை அப்பா, அதே வாசனை. துருத்திச் சத்தமும் அம்மா காபி கொண்டுவருகிற நேரமும் எல்லாம் வந்துவிட்டன. முகமூடியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

சரி, வீட்டு விஷயம். பழகப் போகிற நாட்களில் கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. கிடையாது, அதனால் இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும். எனக்கு இங்கே எந்தச் சிரமமும் இல்லை. அக்கா சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி ரசீதை மாற்றி வையுங்கள், தீபாவளிக்குள் மீட்டுவிடலாம். சின்னவன் ஏஜென்டிடம் முன்பணம் கட்டப் போவதாக அம்மா சொன்னார். விடாதீர்கள். நான் கட்டியதே இன்னும் முடியவில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரே வருடம்தான், முதலில் அதை முடிக்கட்டும்.

பட்டறைச் சாமான்களைப் பழைய இரும்புக்காரன் விலைக்குக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். துருத்தியையும் சம்மட்டிகளையும் கொடுப்பதென்றால் கொடுங்கள். பட்டறைக்கல்லை மட்டும் கொடுக்க வேண்டாம். அவன் என்ன விலை சொன்னான் என்று எழுதுங்கள், அந்தப் பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். மழைக்கு முன்னால் சின்னவனை விட்டு அதைத் திண்ணை ஓரமாக நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்