மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், இன்னும் யார் யாரிடமெல்லாம் மாடிக் கதவின் சாவி இருக்கிறதோ அவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சாவி என்றதுமே உங்கள் முகம் சுருங்கும், தெரியும். புத்தாண்டு இரவுக்குக் கேட்பார்கள், பிறந்த நாளுக்குக் கேட்பார்கள், மறுநாள் காலையில் தட்டையும் பாட்டிலையும் பொறுக்குவது நீங்களாகத்தான் இருக்கும். நான் கேட்பது அதற்கில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து அது கண்ணைவிட்டு மறையும் வரை கதவைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதான். வருடத்துக்குப் பத்து முறைகூட வராத வேலை.

என்னை இதை எழுத வைத்தது 2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 5:59-க்கு பி.எஸ்.எல்.வி. சி61 ராக்கெட் கிளம்பும் நாள். பெரம்பூரில் எங்கள் கட்டடம் நான்கு மாடி. ஐந்தரைக்கே பெண்ணை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். பூட்டு தொங்குகிறது. வாட்ச்மேனிடம் கேட்டால் சாவி செயலாளரிடம். செயலாளர் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருக்கிறார். கடைசியில் படிக்கட்டு ஜன்னல் கம்பி வழியாக, பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில், பத்து விநாடி பார்த்தோம். ஒரு ஆரஞ்சுப் பொட்டு, பின்னால் வெள்ளைக் கோடு. அப்புறம் தென்னை மட்டை மறைத்துவிட்டது.

கீழே வந்து டிவியைப் போட்டால் கட்டுப்பாட்டு அறையில் யார் முகமும் சரியில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எரியும் நான்கு கட்டங்களில் மூன்றாவதன் மோட்டாரில் அழுத்தம் குறைந்து, செயற்கைக்கோள் போய்ச் சேரவில்லை. “நாம பார்த்த வரைக்கும் நல்லாத்தானேப்பா போச்சு?” என்றாள் பெண். உண்மைதான். நாங்கள் பார்த்தது முதல் கட்டம். அது ஒழுங்காகத்தான் எரிந்தது. மூன்றாம் கட்டம் பற்றவைப்பது கிளம்பி நான்கு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு, 200 கி.மீ.க்கும் அதிக உயரத்தில். அது எந்த மாடியிலிருந்தும் தெரியாது. எட்டு மாதம் கழித்து, 2026 ஜனவரி 12-ல், சி62-ம் அதே மூன்றாம் கட்டத்தில்தான் சறுக்கியது. முப்பது வருடமாக நம்பகமான குதிரை என்று பேர் எடுத்த ராக்கெட் அது. என் பெண்ணுக்கு இப்போது பி.எஸ்.எல்.வி.யின் நான்கு கட்டங்களும் மனப்பாடம். ஒன்றும் மூன்றும் திட எரிபொருள், இரண்டும் நான்கும் திரவம். பள்ளியில் சொல்லித் தந்ததில்லை. அந்த ஜன்னல் சந்து சொல்லித் தந்தது.

“டிவியில்தான் நேரடியாகக் காட்டுகிறார்களே, மாடிக்கு எதற்கு?” என்று ஒரு செயலாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர் வடக்கு. சாலையில் போனால் சுமார் 100 கி.மீ., வரைபடத்தில் கோடு போட்டால் 70, 80 கி.மீ. வட சென்னைக்காரர்களுக்கு இன்னும் கிட்டம். ராக்கெட்டோ கிழக்குப் பக்கம் கடல் மேலே போகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால் அந்தப் பக்கம் ஏவினால் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கும். தவறி விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. கிழக்குக் கடற்கரையில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் பெரிய காரணம். இப்போது மனதுக்குள் ஒரு படம் போட்டுப் பாருங்கள். ராக்கெட் இடமிருந்து வலமாகப் போகிறது, நாம் தெற்கில் நின்று பக்கவாட்டில் பார்க்கிறோம். ஏவுதளத்துக்குப் பக்கத்தில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தலைக்கு மேலே ஏறிப் போகும், காது அதிரும், நெஞ்சு அதிரும், எல்லாம் சரி. ஆனால் அது வளைவது சென்னைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்த வளைவுதான் விஷயமே. ராக்கெட் மேலே போகிறது என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். மேலே போவது பாதி வேலைகூட இல்லை. நேரே மேலே மட்டும் போய்விட்டு வேகம் நின்றால், எறிந்த கல் மாதிரி திரும்பக் கீழேதான் வரும். பூமியைச் சுற்ற வேண்டுமானால் பக்கவாட்டில் விநாடிக்கு ஏழரை கி.மீ. வேகம் வேண்டும். பெரம்பூரிலிருந்து மீஞ்சூர் போகிற தூரத்தை மூன்று நான்கு விநாடியில் கடக்கிற வேகம். அதனால்தான் கொஞ்சம் ஏறியதுமே அது வலது பக்கம் சாயத் தொடங்குகிறது. டிவியில் கேமரா கூடவே திரும்புவதால் சாய்வது தெரியாது. மாடியில், எதிர்வீட்டு டேங்க், செல்போன் டவர், அடிவானம் எல்லாம் அசையாமல் நிற்க, அது மட்டும் வில் மாதிரி வளைந்து கடல் பக்கம் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் என்னால் யோசிக்க முடியவில்லை.

எல்.வி.எம்.3 என்ற பெரிய ராக்கெட் கிளம்பினால் இன்னும் விசேஷம். சந்திரயான்-3-ஐ 2023 ஜூலை 14 மதியம் 2:35-க்குத் தூக்கிக்கொண்டு போனது அதுதான். தரையை விட்டுக் கிளம்பும்போது எரிவது இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் திட எரிபொருள் மோட்டார்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள். நடுவில் இருக்கும் திரவ எஞ்சின்கள் இரண்டு நிமிடம் ஆகப்போகும் சமயத்தில், ஆகாயத்தில்தான் பற்றும். சிறிது நேரத்தில் பக்கத்து மோட்டார்கள் இரண்டும் கழன்று விழும். கீழே இருந்து பார்த்தால், தகதகவென்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று மங்கிவிடும். “போச்சு, அணைஞ்சிடுச்சு” என்று மாடியில் யாராவது ஒருவர் கட்டாயம் கத்துவார். அணையவில்லை. திரவ எரிபொருளின் சுடர் அவ்வளவு பளிச்சென்று தெரியாது, புகையும் கிடையாது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குக் கிளம்பிய சத்தம் நம் ஊரை எட்டியிருக்காது. 80 கி.மீ. வர ஒலிக்கு நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும்.

பி.எஸ்.எல்.வி. துருவங்கள் வழியாகச் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோகும்போது கதை வேறு. நேர் தெற்கே போகவேண்டியது, நடுவில் இலங்கை இருக்கிறதே. அதனால் முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேலே திரும்பித் தெற்கே போகும். திரும்புவதற்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவு மையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இதற்காகத்தான். அது வேலைக்கு வந்தால் சின்ன ராக்கெட்டுகள் தெற்கே போய்விடும். போகட்டும். பெரியவை நமக்கு வடக்கேதான் இருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் 3,984 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அண்ணாந்து பார்ப்பது இந்த ஊருக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டிலேயே தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்த்தார். (அவருக்கு யாரிடமும் சாவி கேட்கிற நிலைமை இல்லை.) அதிலிருந்து கிளைத்ததுதான் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வந்த வானாய்வுக்கூடம். கருவியைத் தாங்குவதற்கு அங்கே நட்ட கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1861-ல் நார்மன் போக்சன் என்ற வானியலாளர் அங்கிருந்துதான் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பேர் வைத்தார். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர், 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பற்றிச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறு புத்தகம் போட்டவரும் அவரே. எனக்கு போக்சனைவிட அவரைத்தான் பிடிக்கும். பார்த்ததோடு நிற்காமல், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

சண்முக சுப்பிரமணியனை மறந்திருக்க மாட்டீர்கள். 2019-ல் நிலவில் மோதிய, சந்திரயான்-2-ன் விக்ரம் தரையிறங்கு கலத்தின் சிதறலை, நாசா வெளியிட்ட படங்களை வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுக் கண்டுபிடித்த சென்னைப் பொறியாளர். அவருக்கு மாடி தேவைப்படவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் கவலைகள். கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இல்லாத பழைய கட்டடங்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து, பெரியவர்கள் இரண்டு பேர் சுவர் ஓரம் நிற்கட்டும். டேங்க் மேலே ஏறுகிறவர்களை நானே இறக்கிவிடுகிறேன். டிஷ் ஆன்டெனாவைத் தட்டிவிடுவார்கள் என்கிறீர்கள், சரி, அந்த மூலையில் ஒரு கயிறு கட்டுங்கள். ஜோடிகள் வந்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். கட்டடத்தில் இருக்கிற நாற்பது பேரும் வடக்கே பார்த்து நிற்கிற இடத்துக்கு எந்த ஜோடி சார் வரும்?

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சில நாள் ஏமாற்றமாகவும் ஆகும். சந்திரயான்-2-க்கு 2019 ஜூலை 15 அதிகாலை 2:51 என்று குறித்திருந்தார்கள். நாங்கள் அப்போது இருந்த வீட்டில் ஒன்பது பேர் பாயோடு மாடிக்குப் போனோம். 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். கொசுக்கடிதான் மிச்சம். ஒரு வாரம் கழித்து மதியம் 2:43-க்குக் கிளம்பியபோது பாதிப் பேர் ஆபீசில். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டு ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஆகவே ‘போன தடவை திறந்து என்ன ஆச்சு’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

ராக்கெட்டுக்குத் திறந்து பழகிவிட்டால், அந்தி நேரத்துக்கும் ஒருநாள் திறக்கச் சொல்லிக் கேட்பேன். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. சூரியன் நமக்கு மறைந்து, அதற்கு மறையாத நேரத்தில் நம் ஊருக்கு மேலே வந்தால், சிமிட்டாத நட்சத்திரம் மாதிரி ஐந்தாறு நிமிடம் நகர்ந்து போகும். 2025 ஜூன், ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அதற்குள் இருந்தார். அந்தச் சமயம் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

நடைமுறைக்கு வருவோம். இஸ்ரோ நேரத்தை நிமிடக் கணக்கில் முன்னாடியே அறிவித்துவிடுகிறது. மெயின்டனன்ஸ் பாக்கி யார் யார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு போதும்: நாள், நேரம், எந்த ராக்கெட், வடக்கே பார்க்கவும். செயலாளர் ஊருக்குப் போவதானால் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் கட்டடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. சாவியை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பூட்டிவிட்டு, அரை மணியில் திருப்பித் தருகிறேன். வடாம் காய்கிற நாளாக இருந்தால் காக்காயும் நானே விரட்டுகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரில் ஒரு மூன்றாம் மாடிக்காரர்