மாடித்தோட்ட நண்பர்கள் சங்கம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை (ஜூன் 2024 – மே 2025)

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவின்போது 31 பேர் இருந்தோம். ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், வீடு மாற்றிக்கொண்டு போன இருவர் விலகினார்கள், ஆக இப்போது 38 பேர். மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு கூட்டம் என்பது நம் வழக்கம். இந்த ஆண்டு பத்துதான் நடந்தது. ஜனவரியில் பொங்கல் வேலையில் யாரும் வரவில்லை. மே மாதக் கூட்டத்தை 11-ஆம் தேதி வைத்தது என் தவறு. அன்றைக்கு அழகரை மதுரைக்கு வரவேற்கும் எதிர்சேவை, மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மதுரையில் அந்த நாளில் கூட்டம் போட்ட செயலாளர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் பலருடைய செடிப் பைகளில் தண்ணீர் வடியாமல் நின்று, கத்தரியும் மிளகாயும் வேர் அழுகிப் போயின. பையின் அடித்துளையைத் தேங்காய் நார்க்கழிவு அடைத்திருந்ததுதான் காரணம். ஓர் ஓட்டுச் சில்லை வைத்துவிட்டு மண்கலவையைப் போட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

அறிக்கையில் பெரும்பகுதி கோடையைப் பற்றித்தான். இந்த ஆண்டு நம் பணமும் அங்கேதான் போனது, என் தவறும் அங்கேதான் நடந்தது. மார்ச் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து மொத்தமாக நிழல்வலை வாங்குவது என்று முடிவானது. கடைக்காரப் பையன் "50 சதவீதமா, 75 சதவீதமா சார்?" என்று கேட்டான், வலை எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்கிற கணக்கு அது. மதுரை வெயிலுக்கு 75-தான் தாங்கும் என்று யாரையும் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன். ஏப்ரல் முதல் வாரம் 12 வீடுகளில் வலை ஏறியது. மூன்று வாரத்தில் வெண்டைச் செடிகள் வெளிச்சம் தேடி இரண்டு கணுவுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒல்லியாக ஓடின. காய் இல்லை. கொத்தவரையும் அப்படியே. மல்லிகை இலையாகத் தள்ளியதே தவிர, மொட்டு வைக்கவில்லை.

மல்லிகைக்கு வெயில்தான் சாப்பாடு. நவம்பர் கடைசியில் கவாத்து செய்த செடி மார்ச்சில் பூக்க ஆரம்பித்து, நல்ல வெயிலில்தான் கொத்துக் கொத்தாகத் தள்ளும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைக் கோடையில் வலைக்குள் மூடி வைத்தோம் என்று வெளியூரில் சொல்லாதீர்கள். வலையை விலக்கிய வீடுகளில் மே நடுவிலிருந்து மொட்டு வந்தது. கீழத் தெரு அக்கா வீட்டில் இரண்டு தொட்டிச் செடியிலிருந்து ஒரு நாளைக்குத் தலைக்கு வைக்கிற அளவு பூ. "மார்க்கெட்டுப் பூ மாதிரி இல்ல தம்பி, ராத்திரி பூரா மணக்குது" என்றார். காலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால், சாயங்காலம் தொடுக்கும்போது அவிழத் தொடங்கும்.

அதே அக்காவின் செடியில் முன்பு கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இது இரும்புச்சத்துக் குறை. நம் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தார். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. புதுத் தளிர் பச்சையாக வந்தது. மொட்டு ஊதாவாகிக் காய்வது வேறு சங்கதி. ஊதா மொட்டைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். அதைக் கிள்ளி எரித்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதைத் தவிரக் குறுக்கு வழி கிடையாது.

சரி, வலை முழுக்க வீணா என்றால் இல்லை. புதினா அதன் அடியில் தளதளவென்று வந்தது. பாலக்கும் பிழைத்தது. போன கோடையில் வெயிலில் கிடந்து செம்பு நிறமான கற்றாழை, நிழலுக்கு வந்ததும் பச்சைக்குத் திரும்பியது. ஓமவல்லியும் துளசியும் எதையும் கண்டுகொள்ளவில்லை, துளசியில் கதிரைக் கிள்ளிவிட்டால் போதும். பொருளாளர் அக்கா சொன்ன யோசனைப்படி ஏப்ரல் கடைசியில் வலையைத் தலைக்கு மேலிருந்து இறக்கி, மேற்குப் பக்கம் மட்டும் திரைபோலக் கட்டினோம். காலை வெயில் எல்லாச் செடிக்கும் கிடைத்தது, இரண்டு மணிக்கு மேல் அடிக்கிற வெயில் மட்டும் தடுக்கப்பட்டது. கீரையும் மூலிகையும் வலையோரம், வெண்டையும் மல்லிகையும் வெட்டவெளியில். இந்த யோசனையை முன்பே கேட்டிருந்தால் பாதி வலைதான் வாங்கியிருப்போம்.

இடையில் ஒரு திருத்தம். ஏப்ரல் கூட்டக் குறிப்பில் "மல்லி நிழலில் வைக்கப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அது கொத்தமல்லி. அதைப் படித்துவிட்டு இருவர் பூச்செடியை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இனிமேல் குறிப்பேட்டில் ஒன்றைப் பூ மல்லி என்றும் இன்னொன்றைக் கொத்தமல்லி என்றும் எழுதுகிறேன். அந்தக் கொத்தமல்லியும் சூட்டில் ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது. ரசத்துக்கு ஒரு கைப்பிடி தேறினாலே பெரிசு.

தக்காளிப் பூ உதிர்கிறது என்று மே மாதம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. நாலைந்து பேர் மருந்து பாட்டிலோடு வீட்டுக்கே வந்தார்கள். பகல் சூடு 38 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கம் குறையாவிட்டால் தக்காளியில் பிஞ்சு பிடிக்காது. அதற்கு மருந்து இல்லை. செடியைக் காப்பாற்றி வைத்தால் சூடு தணிந்தபின் காய்க்கும்.

பீர்க்கை சமாச்சாரம் வேறு. புதிய உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர் அண்ணன், பெண் பூவெல்லாம் பிஞ்சோடு மஞ்சளாகி விழுகிறது என்று வருத்தப்பட்டார். தேனீ வரவில்லை என்று தினமும் காலை ஏழு மணிக்குக் கையால் மகரந்தம் வைத்துக்கொண்டிருந்தார். பூசணிக்கும் பாகலுக்கும் காலைதான் சரி. பீர்க்கை அப்படியில்லை, சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்கு மேல்தான் மலரும். ஒருநாள் ஆறரை மணிக்கு அவர் மாடியில் நின்றோம். அரை மணியில் பந்தல் முழுக்க மஞ்சள். ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழைப் பின்னால் மடக்கி, கீழே விரல்கடை அளவு பிஞ்சு தொங்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினார். ஐந்து பூவுக்குச் செய்தார், நான்கு காயாயின. ஒரு காயை எனக்குக் கொடுத்தனுப்பினார். தோலையும் விடாமல் துவையல் அரைத்தோம்.

தண்ணீர் பற்றி ஒரே செய்தி. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் மதியத்துக்கு மேல் முதல் இரண்டு வாளி கொதிக்கும். அதை நேரே வேரில் ஊற்றி மூவர் நாற்றைக் கருக்கிவிட்டார்கள். காலை ஏழுக்குள் ஊற்றுங்கள், மாலையில் முதல் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். பைக்கு மேல் நாலு விரல் காய்ந்த சருகு போட்டவர்கள் வீட்டில் ஒருவேளைத் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை. கேரளத்தில் பருவமழை 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டதால் கடைசி நாட்களில் நமக்கும் மேகமும் காற்றும் வந்தன. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் தொடங்கியது இந்த ஆண்டுதான். அந்தக் காற்றில் இரண்டு வீட்டுப் பந்தல் சாய்ந்ததையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு: முன்னிருப்பு ரூ. 4,120. சந்தா 35 பேரிடமிருந்து தலைக்கு 300 வீதம் ரூ. 10,500. விதைப் பரிமாற்ற நாளில் உண்டியல் ரூ. 1,850. மொத்தம் ரூ. 16,470. செலவில் நிழல்வலை ரூ. 6,300, நார்க்கழிவுக் கட்டி ரூ. 3,200, வேப்பம் புண்ணாக்கும் எண்ணெயும் ரூ. 2,150, ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குப் போய்வந்த வேன் ரூ. 1,500, டீ வடை ரூ. 1,340. கையிருப்பு ரூ. 1,980. சந்தா தராத மூவரும் இங்கேதான் இருக்கிறார்கள், வடையும் சாப்பிட்டார்கள்.

தீராத ஒன்று உண்டு. ஓர் உறுப்பினர் வீட்டுத் தளத்தில் ஈரம் இறங்குவதாகக் கீழ்வீட்டார் சொல்கிறார்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறோம். கொத்தனார் பார்த்துச் சொன்னபின் செயற்குழு முடிவெடுக்கும்.

மீதி வலை என் வீட்டில் சுருட்டிக் கிடக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வாசலில் விதைப் பொட்டலங்கள் இருக்கின்றன, ஆளுக்கு மூன்று. அவரை விதை எடுப்பவர்கள் ஆடி வரை பொறுங்கள். பகல் நீளமாக இருக்கும்போது போட்டால் கொடி மாடி முழுக்கப் படரும், பூக்காது. போன ஆண்டு சித்திரையில் போட்டவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை, அவர் தலைவராகவும் இருக்கிறார்.

பணிவன்புடன்,
செயலாளர்