ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கும் ஒரு போருக்கும் நடுவே முப்பது நாட்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

"முதல் உலகப் போருக்கு உடனடிக் காரணம் யாது?" இந்த இரண்டு மதிப்பெண் கேள்விக்கு வந்த விடைகளைப் பல ஆண்டுகள் திருத்தியவன் நான். 1914 ஜூன் 28, சரயேவோ, ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு, சுட்டவர் போஸ்னிய செர்பியர் கவ்ரிலோ பிரின்சிப். இந்த நான்கும் இருந்தால் முழு மதிப்பெண் போடுவோம். பாடத்தில் அடுத்த வரியிலேயே போர் தொடங்கிவிடும். ஆனால் ஆஸ்திரிய-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28 அன்று. நடுவில் முப்பது நாட்கள். அந்த முப்பது நாட்களும் நம் பாடத்தில் இல்லை.

ஒருமுறை பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்தக் கார் வழி தவறாம போயிருந்தா சண்டையே வந்திருக்காதா?" அன்று காலை இளவரசரின் ஊர்வலத்தின் மீது வீசப்பட்ட வெடிகுண்டு பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. அவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகலாம் என்று நகர மன்றத்தில் முடிவானது. பாதை மாறியதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. லத்தீன் பாலத்தருகே கார் பழைய பாதையில் திரும்பி, தவறு தெரிந்ததும் நின்றது. நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்தில் பிரின்சிப். இதையெல்லாம் நானே சுவையாகச் சொல்லிவிட்டு, அவள் கேட்டதும் "வரலாற்றில் 'இருந்தால்' என்ற பேச்சுக்கே இடமில்லை, உட்காரும்மா" என்று முடித்துவிட்டேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். அவள் கேட்டதுதான் வரலாற்றுக் கேள்வி. அதைச் சரியான இடத்துக்கு நகர்த்திக் கொடுத்திருக்க வேண்டியது என் வேலை.

கார் சரியான தெருவில் போயிருந்தால் பிரான்ஸ் பெர்டினாண்டு உயிரோடு தலைநகர் வியன்னா திரும்பியிருப்பார். சரி, திரும்பி என்ன செய்திருப்பார்? ஆஸ்திரியப் படைத் தலைவர் கான்ராட் ஆண்டுக்கணக்காகச் செர்பியா மீது போர் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தவர். 1912, 1913 பால்கன் போர்களின்போது அவருக்குத் தடையாக நின்றவர்களில் முதன்மையானவர் இந்த இளவரசர்தான். செர்பியாவைத் தொட்டால் ரஷ்யா வரும், ரஷ்யாவோடு மோதினால் இரண்டு பேரரசுகளும் அழியும் என்பது அவர் கருத்து. ஆக, சரயேவோவின் குண்டுகள் போர் வேண்டியவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்ததோடு, அவர்களைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஆளையும் அப்புறப்படுத்திவிட்டன. "உடனடிக் காரணம்" என்ற இரண்டு சொல்லில் இது எப்படி அடங்கும்?

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று வியன்னாவுக்கு வாக்குக் கொடுத்தது. கொடுத்த கையோடு ஜெர்மன் பேரரசர் கெய்சர் இரண்டாம் வில்லியம் வடகடலில் உல்லாசக் கப்பல் பயணம் கிளம்பிவிட்டார். ஹங்கேரியின் பிரதமர் டிஸா போர் வேண்டாம் என்று ஒரு வாரம் தனியாளாக நின்று பிறகு இணங்கினார். ஆஸ்திரியப் படையின் ஒரு பகுதி அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவான்காரே ரஷ்யாவில் விருந்தாளியாக இருந்தார். அவர் கப்பல் ஏறும்வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை 6 மணிக்கு ஆஸ்திரியா தன் இறுதி எச்சரிக்கையைச் செர்பியாவிடம் நீட்டியது. கெடு 48 மணி நேரம்.

இந்த 48 மணி நேரம் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாத எண். ஏனென்றால் 1913 அக்டோபரில் அதே ஆஸ்திரியா அதே செர்பியாவுக்கு, அல்பேனியாவிலிருந்து படையை விலக்கு என்று எச்சரிக்கை விடுத்தபோது கொடுத்த கெடு எட்டு நாட்கள். செர்பியா பின்வாங்கியது, விஷயம் முடிந்தது. ஒன்பதே மாத இடைவெளி. எட்டு நாட்கள் இரண்டு நாட்களாகச் சுருங்காமல் இருந்திருந்தால்? இது கார் வழி தவறியது போன்ற தற்செயல் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மற்ற நாடுகள் குறுக்கே வர நேரம் கிடைக்கக் கூடாது என்று யோசித்தே வைத்த கெடு.

செர்பியா ஜூலை 25 மாலை, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பதில் கொடுத்தது. பெரும்பாலான கோரிக்கைகளுக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ இணங்கியிருந்தது. கொலைச் சதி பற்றிச் செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் திட்டவட்டமாக மறுத்தது. ஆஸ்திரியத் தூதர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு உடனே தூதரகத்தைக் காலி செய்து ரயில் ஏறினார். பயணம் முடித்துத் திரும்பிய கெய்சர் ஜூலை 28 காலை அந்தப் பதிலைப் படித்தார். போருக்கான காரணம் அத்தனையும் இத்துடன் போய்விட்டது என்று அதிலேயே எழுதினார். ஆஸ்திரியா எல்லையை ஒட்டிய செர்பியத் தலைநகர் பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்து அங்கேயே நிற்கட்டும், மீதியைப் பேசித் தீர்க்கலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார். அவருடைய தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக் அந்த யோசனையைத் தாமதமாக, நீர்த்துப்போன வடிவில், நாம் தடுக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்ற குறிப்போடு வியன்னாவுக்கு அனுப்பினார். அதற்குள் ஆஸ்திரியா தந்தி மூலம் போர் அறிவித்தாகிவிட்டது.

ஆஸ்திரியப் படை அன்று தயாராகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 12 வாக்கில்தான் படையெடுக்க முடியும் என்று கான்ராடே சொல்லியிருந்தார். அந்தத் தேதியில்தான் படையெடுப்பும் தொடங்கியது. அப்படியென்றால் ஜூலை 28 அன்று அறிவிக்க என்ன அவசரம்? அறிவித்துவிட்டால் யாரும் சமரசத்துக்கு வர முடியாது. ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் பெர்ஷ்டோல்ட் தம் பேரரசரிடம் எடுத்துச் சொன்ன காரணமே இதுதான். கையில் இரண்டு வாரங்கள் இருந்தன. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் கிரே நான்கு நாடுகளின் மாநாட்டுக்கு அழைத்திருந்தார். அதேபோன்ற தூதர்கள் மாநாடு 1913இல் லண்டனில் நடந்து பெரும் போரைத் தவிர்த்திருந்தது. இந்த முறை ஜெர்மனி மறுத்துவிட்டது.

ரஷ்யாவின் பக்கமும் குறை உண்டு. ஜூலை 29 அன்று பொதுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் கொடுத்த ஜார் இரண்டாம் நிக்கோலஸ், கெய்சரின் தந்தி வந்ததும் இரவோடு இரவாக அதை ரத்து செய்தார். விவகாரத்தை ஹேக் நடுவர் மன்றத்திடம் விடலாம் என்றும் கெய்சருக்குத் தந்தி அடித்தார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் வந்து பேசிப் பேசி அவர் மனதை மாற்றினார். ரஷ்யா திரட்டத் தொடங்கியதும் ஜெர்மனியின் போர்த் திட்டம் விழித்துக்கொண்டது. ரஷ்யா தயாராவதற்குள் பிரான்சை வீழ்த்த வேண்டும், அதற்குப் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளை முதல் சில நாட்களிலேயே பிடிக்க வேண்டும் என்பது அந்தத் திட்டம். பேச்சுக்கு அதில் ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை. ஆகஸ்ட் 1 அன்று, பிரான்ஸ் ஒதுங்கி நிற்கலாம் என்று ஒரு தவறான நம்பிக்கை பிறந்தபோது, முழுப் படையையும் கிழக்கே திருப்பச் சொன்னார் கெய்சர். முடியாது என்றார் படைத் தலைவர் மோல்ட்கே. பல லட்சம் பேரை நகர்த்தும் ரயில் அட்டவணை ஒரு பேரரசரின் சொல்லைவிடப் பலமாக இருந்தது.

போர் எப்படியும் வந்திருக்கும், சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான் என்று சிலர் வாதிடுவார்கள். ரஷ்யாவின் படைப் பெருக்கம் 1917இல் முடியவிருந்தது, அதற்கு முன் மோதிவிடத் துடித்த ஜெர்மன் தளபதிகள் இருந்தார்கள். தள்ளிப்போயிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 1908இன் போஸ்னியா நெருக்கடியும், 1911இன் அகாதிர் நெருக்கடியும், பால்கன் போர்களும் இப்படித் தள்ளிப்போனவைதான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு படி இறங்கி வந்தார். பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்கு அப்போது 83 வயது, 1916இல் இறந்தார். இரண்டரை ஆண்டு தள்ளிப்போயிருந்தால் வியன்னாவில் முடிவெடுக்கும் ஆளே மாறியிருப்பார்.

இது ஐரோப்பியர் சண்டை, நமக்கு எதற்கு இவ்வளவு விவரம் என்று குழுவில் யாராவது கேட்கக்கூடும். பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தியாவும் இறங்கியதாக ஆகிவிட்டது. இங்கே யாரையும் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. வியன்னாவில் ஒரு கெடு எட்டு நாளாக இருந்திருந்தால் அந்த இரவு வந்திருக்குமா என்று நம் பிள்ளைகள் கேட்பதில் என்ன தவறு?

என் வேண்டுகோள் சிறியது. ஜூலை 23 முதல் பிரிட்டன் போரில் இறங்கிய ஆகஸ்ட் 4 வரை, நாள்வாரியாக, இரண்டு பக்கம் கொடுங்கள். பாடத்தின் கடைசியில் ஒரு 'இருந்தால்' கேள்வி வையுங்கள். ஏதாவது ஒரு நாளை மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். அன்று அந்த மனிதர்கள் உண்மையிலேயே செய்திருக்கக்கூடிய ஒன்றை மட்டும் மாற்றட்டும். அன்று அவர்களுக்குத் தெரிந்த செய்திகளை மட்டும் வைத்து, மற்ற தலைநகரங்கள் எப்படி நடந்திருக்கும் என்று காரணத்தோடு எழுதட்டும். அணுகுண்டு என்றெல்லாம் கற்பனைக் குதிரை ஓடினால் மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடலாம். விடை இதுதான் என்று குறிப்பேட்டில் அச்சிட வேண்டாம். காரணம் பொருந்துகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட எங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பக்கம் போதாது என்றால் போரில் பயன்பட்ட ஆயுதங்களின் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்களுக்கு நான் வகுப்பில் பயன்படுத்திய குறிப்புகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. குழு கேட்டால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்