ஜிப் கோப்பை வெளியிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். சென்ற வாரம் வியாசர்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை, தமிழ்த் தட்டச்சு வேலை செய்யவில்லை என்று தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். ஒரு நிறுவனம் இலவசமாக வழங்கும் விசைப்பலகை மென்பொருளை ஜிப் கோப்பாக இறக்கி, டெஸ்க்டாப்பிலேயே விரித்து, உடன் வந்த குறிப்பின்படி, அதன் நிரல் அடங்கிய டிஎல்எல் கோப்பைக் கருப்புத் திரையில் கட்டளை தட்டிப் பதிவு செய்திருக்கிறார். பிறகு, இடத்தை அடைக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டார். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், அழிந்துபோன அந்தக் கோப்பின் பழைய முகவரி மட்டும் எஞ்சியிருந்தது.

இதில் அவர்மீது குற்றமில்லை. நிரலைக் கணினி இயக்கக்கூடிய இருமக் கோப்பாக்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணி, அதை நிறுவும் பொறுப்பைப் பயனர் தலையில் கட்டியதுதான் குற்றம். இதற்குத் தீர்வு, விண்டோஸில் மென்பொருளைத் தானே நிறுவும் எம்எஸ்ஐ தொகுப்பு. அது உண்மையில் ஒரு சிறு தரவுத்தளம். எந்தக் கோப்பு எங்கே போகும், பதிவேட்டில் எது எழுதப்படும் என்பதெல்லாம், துறைமுகத்துக்கு வரும் சரக்கோடு பட்டியலும் வருவது போல, அதற்குள்ளேயே இருப்பதால், நிறுவல் பாதியில் தடைப்பட்டால் செய்தவற்றைத் திரும்பப் பெறவும், வேண்டாம் என்றால் முறையாக நீக்கவும் முடிகிறது. பதிப்பு மாறினாலும், அது அதே மென்பொருள்தான் என்று அடையாளம் காட்டும் மேம்படுத்தல் குறியீட்டை மாற்றாமல் வைத்து, பழைய பதிப்பை நீக்கும்படியும் அமைத்துவிட்டால், ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் முட்டிக்கொள்ளா.

லினக்ஸுக்கு இது இன்னும் எளிது. கோப்புகளை உரிய அடைவுகளில் வைத்து, பெயர், பதிப்பு, சார்புகள் (இயங்கத் தேவையான பிற மென்பொருள்கள்) ஆகியவற்றை ஒரு கன்ட்ரோல் கோப்பில் எழுதினால், டெபியன் வகை லினக்ஸில் நிறுவுவதற்கான டெப் தொகுப்பு ஒரே கட்டளையில் தயாராகிவிடும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம், டெபியனை அடிப்படையாகக் கொண்டதால், டெப் தொகுப்பைத்தான் ஏற்கும்.

இன்னொன்று, கையொப்பம். வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமில்லாத நிறுவியைத் திறந்தால் விண்டோஸ் பெரும்பாலும் எச்சரிக்கிறது. "பரவாயில்லை, ஓடவிடுங்கள்" என்று நாங்களே வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே பழக்கத்தில்தான் அவர்கள் வைரஸையும் ஓடவிடுகிறார்கள். கையொப்பமிடத் தேவையான சான்றிதழுக்குச் செலவுண்டு, ஆனால் அது பொதுமக்களுக்கு மென்பொருள் வழங்கும் நிறுவனம் ஏற்க வேண்டிய செலவு.

ஆகவே, தமிழ் மென்பொருள்களை வெளியிடுவோர், கையொப்பமிட்ட எம்எஸ்ஐ, டெப் ஆகிய இரு தொகுப்புகளையும் ஒவ்வொரு பதிப்போடும் தருமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.