வழக்கறிஞர் மீதான புகாரைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சேமநிதி பாரம், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவன) கடிதம், பூசாகா (வாரிசுச் சொத்து) விவகாரம் என்று எது வந்தாலும் லயத்து (தோட்டக் குடியிருப்பு) மக்கள் இன்றும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். அண்மைக் காலமாக அவற்றோடு வழக்கறிஞர்கள் மீதான மனக்குறைகளும் வருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பழைய லயத்து அக்கா ஒருவர் துருப்பிடித்த மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். மருத்துவமனை அட்டை, போலீஸ் புகாரின் நகல், எழுத்து மங்கிப்போன இரண்டு ரசீதுகள், ஒரு வழக்கறிஞரின் பெயர் அட்டை ஆகியவை அதில் இருந்தன. அட்டையின் பின்புறத்தில், மகன் கால் முறிந்து படுத்திருந்தபோது வார்டுக்கே தேடிவந்த தரகரின் கைப்பேசி எண் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்து சமரசமாக முடிந்தபின், 'இவ்வளவுதான் கிடைத்தது' என்று சொல்லி 18,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) காசோலை கொடுத்திருக்கிறார்கள். நெடுநாள் கழித்துக் கைக்கு வந்த காப்புறுதி நிறுவனக் கடிதத்தின் நகலில் இருந்த தொகையோ 31,000 வெள்ளி. மீதிக்குக் கணக்கு கேட்டதற்கு, 'முப்பது விழுக்காடு எங்களுக்கு, மற்றது செலவு' என்று அலுவலகத்துக் குமாஸ்தா வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. ஆங்கிலத்தில் அச்சடித்த ஏதோ ஒரு தாளில் தாம் தமிழில் கையெழுத்துப் போட்டதாக மட்டும் அக்காவுக்கு நினைவிருக்கிறது.

உள்ளபடி என்ன நடந்தது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவன் நான் அல்லன். அந்த வழக்கறிஞரிடமும் ஒரு விளக்கம் இருக்கக்கூடும். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டம் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறது என்பதையே எங்கள் பக்கத்தில் யாரும் அறியவில்லை. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு, வழக்கு வென்றால் மட்டுமே கட்டணம் என்று வழக்கறிஞர் உடன்படிக்கை செய்வதைத் தடுக்கிறது. வழக்குப் பிடித்துக் கொடுத்தவருக்குக் கட்டணத்திலிருந்து பங்கு கொடுப்பது அதே சட்டத்தின் 94ஆம் பிரிவில் தொழில் ஒழுக்கக்கேடாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. கட்சிக்காரரின் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு எழுத வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் கணக்கு விதிகள் சொல்வது. எங்கள் மக்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துத் தலையாட்டி வரும் 'முப்பது விழுக்காடு' சட்டத்தின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதிலேயே நான் முதலில் தவறு செய்தேன். மலேசிய வழக்கறிஞர் மன்றத்துக்கு எழுதினால் போதும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை 1992 முதல் கட்டொழுங்கு வாரியம் என்னும் தனி அமைப்பின் கையில் இருக்கிறது. அதன் தலைவரை நியமிப்பவர் மலாயாவின் தலைமை நீதிபதி. புகார் எழுத்து வடிவில் வாரியத்துக்குப் போக வேண்டும். வாரியம் வழக்கறிஞரிடம் விளக்கம் கேட்கும். விசாரிக்கத் தக்கது என்று கண்டால், இரண்டு வழக்கறிஞர்களும் வழக்கறிஞர் அல்லாத ஒருவரும் அடங்கிய மூவர் குழுவிடம் ஒப்படைக்கும். குற்றம் உறுதியானால் கண்டிப்பு, அபராதம், ஐந்தாண்டு வரை தொழில் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் என்று தண்டனை உண்டு. முடிவில் மனநிறைவு இல்லாதவர் உயர் நீதிமன்றம் போகலாம். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு என்பதையும், வெளியார் ஒருவரைக் குழுவில் உட்கார வைத்தது மிகச் சரியான செயல் என்பதையும் நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'எழுத்து வடிவில்' என்ற இரண்டே சொற்களில் எங்கள் மக்கள் நின்றுபோகிறார்கள். பால்மரம் சீவிய கைக்கு, எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று வரிசைப்படுத்தி மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது இயலாத காரியம். எழுதித் தரும்படி இன்னொரு வழக்கறிஞரிடம் போகத் தயக்கம். போனாலும் அதற்கும் ஒரு செலவு. விசாரணை என்று வந்துவிட்டால் புகார் கொடுத்தவரே சாட்சியாக நின்று, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். வாரியமோ இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கோலாலம்பூரில் இருக்கிறது. நியாயம் தம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள்கூட இந்த மலைப்பில் மைலோ டின்னை மூடி மறுபடியும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

இதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. ஒழுங்கு நடவடிக்கையின் நோக்கம் தொழிலின் ஒழுக்கத்தைக் காப்பது. பணத்தை வசூலித்துக் கொடுப்பது அதன் முதல் வேலை அன்று. பணத்தைத் திரும்பப் பெறும் வழி பெரும்பாலும் உரிமையியல் வழக்குத்தான். 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி அதற்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள்தான் அவகாசம். வாரியத்துக்குப் புகார் அனுப்பிவிட்டால் அந்த ஆறு ஆண்டுகள் ஓடாமல் நின்றுவிடுவதில்லை. 'எழுதிப் போட்டாச்சு, பதில் வரட்டும்' என்று காத்திருப்பவரிடம் இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வழக்கறிஞரின் நேர்மையின்மையால் பணம் இழந்தவருக்கு உதவ, சட்டத்தின் 80ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டு நிதி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கொடுப்பது வழக்கறிஞர் மன்றத்தின் விருப்புரிமைதான் என்றாலும், கேட்டால்தானே அந்த விருப்புரிமைக்கே இடம் வரும்! அந்த நிதியைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் இதுவரை எங்கள் வட்டாரத்தில் சந்தித்ததில்லை.

நம்முடைய சட்ட மரபு இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதால் அங்குள்ள நடைமுறையையும் சொல்ல விரும்புகிறேன். அங்கே வழக்கறிஞரின் ஒழுக்கம் பற்றிய புகார் ஓர் அமைப்புக்கும், வேலை சரியில்லை, தாமதம், கட்டணக் குழப்பம் போன்ற சேவைக் குறைகள் 2010இல் தொடங்கப்பட்ட சட்ட நடுவர் அலுவலகத்துக்கும் போகின்றன. புகார் கொடுப்பவர் அதற்குக் கட்டணம் செலுத்துவதில்லை. முதலில் அந்த வழக்கறிஞரிடமே முறையிட வேண்டும். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால் நடுவரிடம் போகலாம். 50,000 பவுண்டு வரை இழப்பீடு கொடுக்கும்படி அவர் உத்தரவிடலாம். நம் நாட்டில் அப்படியோர் அலுவலகம் எழ நாளாகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களைத்தான் நான் கேட்கிறேன்.

எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது, எந்தத் தாள்களை இணைப்பது, பணத்துக்குத் தனியாக என்ன செய்வது என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்துத் தோட்டக் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, மாநில வழக்கறிஞர் குழு தன் இளம் வழக்கறிஞர்களை மாதம் ஒருமுறையாவது தோட்டப்புற நகரங்களுக்கு அனுப்பி, மக்கள் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கச் செய்ய வேண்டும். சம்பந்தப்பட்ட வழக்கறிஞரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்தான் அதை எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இலவசச் சட்ட உதவிக்காகத் தங்கள் நேரத்தைத் தரும் வழக்கறிஞர்கள் இந்நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய சுமையாக இருக்காது என்று நம்புகிறேன்.

அக்காவின் புகாரை நான் இப்போது இரண்டாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மங்கிய ரசீதுகளை மேலும் மங்குமுன் நகலெடுத்து வைத்திருக்கிறோம். தரகரின் எண் எழுதிய அட்டையின் இரு பக்கங்களையும் இணைத்திருக்கிறோம். காப்புறுதிப் பணம் வழக்கறிஞர் கைக்கு வந்த தேதி மட்டும் இன்னும் தெரியவில்லை. அதைக் கேட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.